தம்பிக்கு மட்டும் ஏன் குளிர்கிறது?

காணும் பொங்கல் நாள். பொழுது விடிய இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. விருத்தாசலத்துக்கு வெளியே, செம்மண் பூமியில் பரந்து கிடக்கும் முந்திரிக்காட்டின் நடுவே ஒரு குடும்பம் நடந்து கொண்டிருக்கிறது. காட்டுக்கு அப்பால், மூன்று கிலோமீட்டர் தொலைவில், பெரியப்பாவின் வீடு. முன்னால் அப்பா செல்கிறார். அவர் தோளில் இரண்டு வயதுத் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அடுத்து, கையில் தூக்குப் பாத்திரத்துடன் அம்மா. கடைசியில், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நீங்கள்!

ஒரு கிலோமீட்டர் நடந்ததும் உங்களுக்கு இலேசாக வியர்க்கிறது. அப்பா துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக் கொண்டு, "நல்ல வேளை, குளிர் விட்டுவிட்டது" என்கிறார். அந்த நேரத்தில் தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்த அம்மா, "என்னங்க, பிள்ளைக்குக் கால் சில்லிட்டுக் கிடக்குது பாருங்க!" என்று பதறுகிறார்.

அதே காடு, அதே காற்று, அதே விடியற்காலை. அப்பாவுக்கு வியர்வை, தம்பிக்கு நடுக்கம். இது எப்படி? "சின்னப் பிள்ளை, அதற்குத் தாங்காது" என்று சொல்லிப் பெரியவர்கள் நிறுத்திக் கொள்வார்கள். ஏன் தாங்காது என்று கேட்பது நம் வேலை. விடையின் ஒரு பாதி உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மறு பாதி அப்பாவின் தோளில் இருக்கிறது. இரண்டையும் காண்போம்.

விடியற்காலைதான் ஏன் அதிகக் குளிர்?

வடகிழக்குப் பருவமழை மார்கழியில் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. அதன் பிறகு வானம் தெளிந்து விடுகிறது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தரை, இரவில் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானத்தை நோக்கி அனுப்புகிறது. மேகம் இருந்தால் அது போர்வை போல நின்று அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். தை மாத வானில் அந்தப் போர்வை இல்லை. ஆகவே தரை குளிர்கிறது. தரையைத் தொட்டுக் கொண்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. காற்றிலுள்ள நீராவி புல் நுனியில் பனித்துளியாகப் படிகிறது. சூரியன் எழும் வரை வெப்பம் போய்க்கொண்டே இருக்குமே தவிர, வருவதில்லை. அதனால்தான் நள்ளிரவை விட விடியற்காலையில் குளிர் அதிகமாக இருக்கிறது. "தைப்பனி தரையைத் துளைக்கும்" என்ற பழமொழியைக் கேட்டிருப்பீர்கள்.

நடந்து போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். மரங்களுக்கு இடையே உள்ள வெட்டவெளியில் புல் நனைந்திருக்கும். முந்திரி மரத்தின் அடியில் சருகு ஏறக்குறைய உலர்ந்தே இருக்கும். முந்திரி ஆண்டு முழுவதும் இலை தாங்கி நிற்கும் மரம். கிளைகளைத் தாழ்வாகப் பரப்பிக் குடை போல் நிற்கும். மேகம் செய்ய வேண்டிய வேலையை அந்த இலைக் குடை செய்கிறது. இந்த மரத்தின் தாயகம் நம் நாடன்று, பிரேசில். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் இதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். இன்று முந்திரி ஆராய்ச்சியிலும் ஈடுபடும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையம் ஒன்று விருத்தாசலத்தில் இயங்குகிறது.

தை மாத விடியலில் இந்தப் பகுதியின் வெப்பநிலை ஏறத்தாழ 20° செ. வரை இறங்குகிறது. சில நாட்களில் அதற்கும் கீழே போவதுண்டு. இமயமலைக் குளிரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. ஆனால் நம் உடலின் உள் வெப்பநிலை 37° செ. சுற்றியுள்ள காற்றோ 17 டிகிரி தாழ்வாக இருக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவது போல, உடலிலிருந்து காற்றுக்கு வெப்பம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

களிமண் கட்டி சொல்லும் கணக்கு

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். பொம்மைகளும் மின்சாரப் பீங்கான் பொருட்களும் இங்கே சூளைகளில் சுடப்படுகின்றன. சூளையிலிருந்து வெளிவரும் சிறிய பொம்மை சீக்கிரம் ஆறிவிடும். தடித்த பெரிய பொருளின் உள்ளே வெப்பம் நெடுநேரம் தங்கியிருக்கும். ஏன்?

கொஞ்சம் களிமண்ணை எடுத்து, பக்கத்துக்கு 2 செ.மீ. உள்ள ஒரு கனசதுரம் செய்யுங்கள். அதன் கன அளவு 2 × 2 × 2 = 8 கன செ.மீ. அதற்கு ஆறு முகங்கள். ஒவ்வொரு முகமும் 4 சதுர செ.மீ. மொத்தப் பரப்பு 24 சதுர செ.மீ. அதாவது, ஒரு கன செ.மீ. மண்ணுக்கு 3 சதுர செ.மீ. பரப்பு.

இனி அதைக் கத்தியால் எட்டுச் சிறிய கனசதுரங்களாக வெட்டுங்கள். ஒவ்வொன்றின் கன அளவும் 1 கன செ.மீ. பரப்போ 6 சதுர செ.மீ. இப்போது ஒரு கன செ.மீ. மண்ணுக்கு 6 சதுர செ.மீ. பரப்பு! மண் அதேதான், ஆனால் வெளியே காட்டும் பரப்பு இரண்டு மடங்காகிவிட்டது.

வெப்பம் தங்கியிருப்பது கன அளவில். அது வெளியேறுவது பரப்பின் வழியே. உருவம் சிறிதாகச் சிறிதாக, சேமிப்பு குறைகிறது. அதோடு ஒப்பிட்டால் வாசல் பெரிதாகிறது. பரப்பும் கன அளவும் ஒரே விகிதத்தில் வளர்வதில்லை என்ற இந்த உண்மையைக் கலீலியோ 1638-இல் வெளியான தம் நூலில் விளக்கியிருக்கிறார். 1847-இல் கார்ல் பெர்க்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை விலங்குகளுக்குப் பொருத்திப் பார்த்தார். நெருங்கிய உறவுடைய விலங்குகளில் குளிர்ப் பகுதியில் வாழ்பவை பெரும்பாலும் பெரிய உடல் கொண்டவையாக இருப்பதை அவர் சுட்டிக் காட்டினார். பெங்குவின் பறவைகளைப் பாருங்கள். அண்டார்டிகாவின் பேரரசப் பெங்குவின் ஒரு மீட்டருக்கு மேல் உயரமானது. நிலநடுக்கோட்டை ஒட்டிய காலபாகஸ் தீவுகளில் வாழும் பெங்குவினோ அதில் பாதி உயரம்தான் இருக்கும்.

தம்பியின் கணக்கு

இதே கணக்கை உங்கள் குடும்பத்துக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பாவின் எடை 60 கிலோ, உயரம் 165 செ.மீ. என்று கொள்வோம். அவருடைய தோலின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 16,600 சதுர செ.மீ. தம்பியின் எடை 12 கிலோ, உயரம் 87 செ.மீ. என்றால் அவன் தோலின் பரப்பு ஏறத்தாழ 5,400 சதுர செ.மீ.

எடையால் வகுத்துப் பாருங்கள். அப்பாவுக்கு ஒரு கிலோ எடைக்கு 277 சதுர செ.மீ. தோல், தம்பிக்கு 450 சதுர செ.மீ. ஒன்றரை மடங்குக்கும் மேல்! ஒவ்வொரு கிலோ உடலுக்கும் தம்பி அவ்வளவு பெரிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறான்.

அவன் தலையையும் மறந்துவிடக் கூடாது. பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலைதான். வளர்ந்தவர்களுக்கோ அது ஏழு அல்லது எட்டில் ஒரு பங்குதான். "உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போகிறது" என்று சிலர் சொல்வது பெரியவர்கள் விஷயத்தில் உண்மையன்று. தலை தன் பரப்புக்கு ஏற்ற பங்கைத்தான் இழக்கிறது. ஆனால் குழந்தைக்கு அந்தப் பங்கே பெரிது. பாட்டி வற்புறுத்திப் போட்டுவிடும் குல்லாய்க்கு நல்ல காரணம் உண்டு.

சிறிய அடுப்பு, பெரிய அடுப்பு

உடல் வெறும் களிமண் கட்டியன்று. அது எரிந்து கொண்டிருக்கும் அடுப்பு. உண்ட உணவு உயிரணுக்களில் ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பத்தைத் தருகிறது. சும்மா படுத்திருக்கும்போதே ஒரு நாளைக்கு அப்பாவின் உடல் ஏறத்தாழ 1,500 கிலோ கலோரி வெப்பத்தை உண்டாக்குகிறது. தம்பியின் உடல் உண்டாக்குவது ஏறத்தாழ 680 கிலோ கலோரி. ஒரு கிலோ எடைக்குக் கணக்கிட்டால், அப்பா 25, தம்பி 57. தம்பியின் அடுப்பு இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக எரிகிறது! 1883-இல் மாக்ஸ் ரூப்னர் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் பெரியதும் சிறியதுமான நாய்களை ஆராய்ந்து, எடைக்கு எடை சிறிய நாயே அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது என்று கண்டார்.

"அப்படியானால் தம்பிக்குத்தானே கதகதப்பாக இருக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கேதான் அப்பாவின் தோள் வருகிறது.

அப்பா நடக்கிறார். மணல் கலந்த செம்மண்ணில், தோளில் 12 கிலோ சுமையுடன் நடக்கிறார். நடப்பவரின் தசைகள் ஓய்வில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதனால்தான் அவருக்கு வியர்க்கிறது. தம்பியோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் அடுப்பு ஓய்வு நிலையில்தான் எரிகிறது. போதாக்குறைக்குக் காலிரண்டும் கீழே தொங்குகின்றன; உயரத்தில் உட்கார்ந்து காற்றை முகத்தில் வாங்குகிறான். ஆக, அப்பா சொன்ன "குளிர் விட்டுவிட்டது" என்பது அவருடைய தசைகள் சொன்ன செய்தி. காற்றின் வெப்பநிலை மாறவே இல்லை. நடப்பவரின் உடலை வைத்துத் தூக்கிச் செல்லப்படும் குழந்தையின் குளிரை அளந்தது பிழை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக் கொள்வதானால், இதை வைத்துக் கொள்ளுங்கள்.

வேகமாக எரியும் அடுப்புக்கு விறகும் அடிக்கடி வேண்டும். பெரியவர்கள் காலை உணவைத் தள்ளிப் போட்டாலும் சமாளித்து விடுவார்கள். குழந்தையின் கையிருப்பு சிறிது. வெறும் வயிற்றில் குளிரில் தூக்கிச் செல்வது, விறகில்லாத அடுப்பைக் காற்றில் வைப்பது போல.

ஈரச் சட்டை என்ற திருடன்

தம்பியைச் சிறிது நேரம் கீழே இறக்கி விட்டீர்கள். அவன் பனியில் நனைந்த புல்லில் ஓடினான், தாழ்ந்த முந்திரிக் கிளையைப் பிடித்து ஆட்டினான், உட்கார்ந்தான், புரண்டான். சட்டையும் கால்சட்டையும் நனைந்துவிட்டன. "வெயில் வந்தால் தானே காய்ந்துவிடும்" என்று விட்டுவிடலாமா?

துணியில் ஏறிய ஈரம் 50 கிராம் என்று கொள்வோம். அரை டம்ளர் நீர் கூட இல்லை. உடல் சூட்டில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 50 கிராமுக்கு 29,000 கலோரி, அதாவது 29 கிலோ கலோரி. தம்பியின் உடல் ஓய்வில் ஒரு மணி நேரம் முழுவதும் உண்டாக்கும் வெப்பமே 28 கிலோ கலோரிதான்!

இன்னொரு வகையில் பாருங்கள். உடலின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.83. எனவே 12 கிலோ உடலின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைய 10,000 கலோரி வெளியேறினால் போதும். அந்த 29,000 கலோரியும் உடலிலிருந்தே போய், ஈடு செய்யப்படாமல் இருந்தால், தம்பியின் வெப்பநிலை ஏறத்தாழ 3 டிகிரி இறங்கும். அதே அளவு ஈரம் அப்பாவின் சட்டையில் இருந்தால் அவருக்கு 0.6 டிகிரிதான் இறங்கும். உண்மையில் ஒரு பகுதி வெப்பத்தைச் சூரியனும் காற்றும் தரும். உடலும் விடாமல் ஈடு செய்யும். ஆகவே இவ்வளவு தூரம் போவதில்லை. ஆனாலும் யாருடைய இழப்பு பெரிது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

ஈரத் துணிக்கு இன்னொரு தீய குணமும் உண்டு. உலர்ந்த துணி நம்மைக் காப்பதற்குக் காரணம் அதன் இழைகளுக்கிடையே சிறைப்பட்டிருக்கும் காற்று. நீர் அந்தக் காற்றை வெளியேற்றி விடுகிறது. நீரோ காற்றைப் போல 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே குளிரில் ஈரச் சட்டையோடு இருப்பதை விட, அதைக் கழற்றிவிட்டு உலர்ந்த துண்டால் சுற்றிக் கொள்வதே மேல்.

செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான மூன்று எவர்சில்வர் டம்ளர்களையும் ஒரு பெரிய எவர்சில்வர் சொம்பையும் எடுத்துக் கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக் கொண்டு, கொதிக்காத, 60° செ. அளவுள்ள வெந்நீரை நான்கிலும் நிரப்புங்கள். முதல் டம்ளரையும் சொம்பையும் அப்படியே விடுங்கள். இரண்டாம் டம்ளரை உலர்ந்த துணியாலும் மூன்றாம் டம்ளரை ஈரத் துணியாலும் சுற்றுங்கள். பள்ளி ஆய்வகத்தில் பயன்படுத்தும் வெப்பமானியால் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம் வரை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, உடைந்துவிடும்.) பிறகு நான்கு கோடுகளையும் ஒரே வரைபடத் தாளில் வரையுங்கள். டம்ளர்தான் தம்பி, சொம்புதான் அப்பா. எந்தக் கோடு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதை நீங்களே காண்பீர்கள்.

கையைத் தொடாதே, கழுத்தைத் தொடு

அம்மா தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்தார். அது எச்சரிக்கைதான், ஆனால் முழுச் செய்தியன்று. குளிரும்போது உடல் முதலில் கை கால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வெப்பத்தை உள்ளே இருதயத்துக்கும் மூளைக்கும் ஒதுக்கி வைக்கிறது. ஆகவே கால் சில்லென்று இருந்தாலும் உடலின் உட்பகுதி கதகதப்பாக இருக்கக் கூடும். பிடரியிலோ மார்பிலோ கை வைத்துப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பு இருந்தால் கவலையில்லை. கால்களை மூடிவிட்டால் போதும். அங்கேயும் சில்லிட்டிருந்தால் உடனே நின்று கவனிக்க வேண்டும்.

உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது ஆபத்தான நிலை. நம் சமவெளிக் குளிரில், உலர்ந்த உடையணிந்த ஆரோக்கியமான குழந்தைக்கு இது எளிதில் நேராது. ஆனால் இதே குடும்பம் விடுமுறைக்கு உதகமண்டலத்துக்கோ கொடைக்கானலுக்கோ போகிறது என்று வையுங்கள். அங்கே தை மாத விடியலில் புல்மீது உறைபனி படியும். வெப்பநிலை 0 டிகிரியை நெருங்கும். அங்கே நனைந்த உடையோடு தூக்கிச் செல்லப்படும் குழந்தையின் நிலை வேறு. நடுங்கிக் கொண்டிருந்த குழந்தை திடீரென்று நடுக்கம் நின்று, சோர்ந்து, பேச்சுக் குறைந்து, தூங்கி வழிந்தால், "அப்பாடா, தூங்கிவிட்டான்" என்று நினைத்துவிடக் கூடாது. அது விறகு தீர்ந்த அடையாளமாக இருக்கலாம். உலர்ந்த துணி மாற்றி, அணைத்துக் கொண்டு, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இருசக்கர வண்டியில் குழந்தையை முன்னால் உட்கார வைத்துக் கொண்டு விடியற்காலையில் செல்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்பாவுக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் சுவராக ஒரு குழந்தை! உடலைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலத்தை எதிர்க்காற்று நொடிக்கு நொடி பறித்துக் கொண்டு போகிறது. காரணம் தெரிந்த நீங்கள், அதை வீட்டில் எடுத்துச் சொல்லலாம் அல்லவா?

திரும்பி வரும்போது கணக்கும் திரும்பிவிடும். நண்பகலில் இதே காட்டு வழியில் வெப்பநிலை 30 டிகிரியை எட்டுகிறது. மேலே நேர் வெயில் வேறு. காலையில் போட்ட கம்பளிச் சட்டையும் குல்லாயும் அப்படியே இருந்தால், உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றித் தம்பி புழுங்கிப் போவான். சிறிய உடல் விரைவில் குளிர்வது போலவே விரைவில் சூடேறவும் செய்யும். ஆகவே ஒரே தடித்த உடையை விட, இரண்டு மூன்று மெல்லிய உடைகளே நல்லவை. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம்.

இரண்டு கட்டிகள் ஒட்டினால்...

மீண்டும் அந்தக் களிமண் கட்டிகளிடம் வருவோம். 1 செ.மீ. கனசதுரங்கள் இரண்டை எடுங்கள். தனித்தனியே இருந்தால் இரண்டின் பரப்பும் சேர்ந்து 12 சதுர செ.மீ. ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். இரண்டு முகங்கள் மறைந்துவிடுகின்றன. பரப்பு 10 ஆகிவிடுகிறது. வெட்டியதால் இழந்ததை, ஒட்டுவதால் ஓரளவு மீட்கிறோம்.

1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்ற மருத்துவர், எடை குறைவாகப் பிறந்த சிசுக்களைத் தாயின் மார்போடு தோல் படும்படி சேர்த்து வைத்துப் பராமரிக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக் காப்பது போன்றது என்பதால் 'கங்காரு பராமரிப்பு' என்று பெயர். இன்று உலகெங்கும், நம் நாட்டு மருத்துவமனைகளிலும், இது பின்பற்றப்படுகிறது.

முந்திரிக்காட்டில் அம்மா என்ன செய்கிறார் பாருங்கள். தூக்குப் பாத்திரத்தை உங்களிடம் கொடுக்கிறார். தம்பியைத் தோளிலிருந்து இறக்கி, ஈரச் சட்டையைக் கழற்றி, அப்பாவின் உலர்ந்த துண்டால் சுற்றி, மார்போடு அணைத்து, முந்தானையால் போர்த்திக் கொள்கிறார். நீங்கள் தூக்கைத் திறந்து, இளஞ்சூடான பாலை அவனுக்குக் கொடுக்கிறீர்கள். பரப்பு குறைந்தது, ஈரம் போயிற்று, காற்று மறைந்தது, அடுப்புக்கு விறகும் கிடைத்தது. நாம் இவ்வளவு நேரம் போட்ட கணக்கு முழுவதையும் அம்மா இரண்டே நிமிடத்தில் போட்டு முடித்துவிட்டார்!

அடுத்த முறை குழந்தையோடு விடியற்காலையில் வெளியே செல்லும்போது, நடந்து நடந்து உங்களுக்கு வியர்க்கத் தொடங்கும். அப்போது ஒரு நிமிடம் நின்று, தம்பியின் பிடரியில் கை வைத்துப் பாருங்கள். உங்கள் வியர்வை அவனுடைய குளிரைப் பற்றி உங்களுக்கு எதுவும் சொல்லாது.